பிழைத்த கன்று, வளராத வேர்

திருவண்ணாமலை: புகை கலைந்த பிறகு வரும் ஓசோன், மலைச்சரிவின் இளம் மரங்களை என்ன செய்கிறது?

சித்ரா பௌர்ணமிக்கு மறுநாள், காலை 11 மணி. கிரிவலப் பாதையில் கூட்டம் வடிந்துவிட்டது. அன்னதானத் தட்டுகளையும் நசுங்கிய தண்ணீர் பாக்கெட்டுகளையும் துப்புரவுப் பணியாளர்கள் கூட்டி அள்ளுகிறார்கள். இரவெல்லாம் தற்காலிகப் பேருந்து நிலையங்களில் உறுமிக்கொண்டு நின்ற சிறப்புப் பேருந்துகள் வேலூருக்கும் விழுப்புரத்துக்கும் சென்னைக்கும் திரும்பிவிட்டன. டீசல் நெடி இல்லை. வாயு லிங்கத்தின் அருகே நின்று நிமிர்ந்தால் மலை உச்சிவரை துலக்கமாகத் தெரிகிறது.

சரிவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு புங்கன் கன்று. சுற்றிலும் கல் அடுக்கிய பாத்தி. விடியற்காலையில் குடத்தில் சுமந்து ஊற்றிய தண்ணீரின் ஈரம் இன்னும் காயவில்லை. அந்தத் தெம்பில் கன்று தன் இலைத்துளைகளைத் திறந்து வைத்துக்கொண்டு சமையலில் இறங்கியிருக்கிறது. வெயில் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, காற்றும் சுத்தமாகிவிட்டது. வளர இதைவிட நல்ல வேளை ஏது?

காற்று சுத்தமாகிவிட்டது என்று நாம் நினைப்பதில்தான் கோளாறு. புகை போனது உண்மை. ஓசோன் ஏறத் தொடங்குவது இந்த நேரத்தில்தான்.

புகைபோக்கி இல்லாத நஞ்சு

ஓசோன் என்றதும் பள்ளிப் பாடப் புத்தகத்தில் படித்த படலமும் அதில் விழுந்த ஓட்டையும்தான் நினைவுக்கு வரும். அது வானத்தில் பல கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது, புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது, நமக்கு நல்லது செய்கிறது. அதைக் காக்கத்தான் 1987ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் போட்டார்கள். இங்கே பேசுவது தரையை ஒட்டி, நாம் மூச்சு விடும் உயரத்தில் உண்டாகும் ஓசோனைப் பற்றி. இரண்டும் ஒரே வாயுதான், மூன்று ஆக்சிஜன் அணுக்களின் கூட்டு. இருக்கும் இடம்தான் வேறு.

தரை ஓசோனை எந்த வண்டியும் கக்குவதில்லை, எந்தத் தொழிற்சாலையும் வெளியே விடுவதில்லை. வண்டிப் புகையிலிருந்தும் அனல்மின் நிலையத்திலிருந்தும் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் ஒரு பக்கம். பெட்ரோல் ஆவி, பெயின்ட், எரியும் குப்பை ஆகியவற்றிலிருந்து வரும் கரிம ஆவிகள் மறுபக்கம். இரண்டும் கலந்து வெயிலில் வேகும்போது ஓசோன் பிறக்கிறது. பஞ்சபூதத் தலங்களில் அக்னித் தலமான ஊரில் வெயிலுக்கா பஞ்சம்?

இதைக் கண்டுபிடித்த கதையே செடியில்தான் தொடங்குகிறது. 1940களில் லாஸ் ஏஞ்சலஸ் நகரைச் சுற்றியிருந்த தோட்டங்களில் கீரைகளின் இலைகள் காரணம் தெரியாமல் வெளுத்துக் கருகின. கால்டெக் பல்கலைக்கழகத்தில் அன்னாசிப் பழத்தின் மணம் எதனால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த ஏரி ஹாகன்ஸ்மிட் என்ற வேதியியலாளர், அந்த வேலையை ஓரமாக வைத்துவிட்டு நகரத்துக் காற்றை ஆராயத் தொடங்கினார். வண்டிப் புகையும் வெயிலும் சேர்ந்தால் ஓசோன் வரும் என்று 1950களின் தொடக்கத்தில் நிறுவினார். இந்தக் கண்டுபிடிப்புக்குத் துப்புக் கொடுத்ததில் இலைக்கும் பங்குண்டு.

ஓசோனுக்கு இன்னொரு விசித்திரக் குணம் உண்டு. புகை அடர்ந்த சாலையோரத்தில் அது குறைவாக இருக்கும். வண்டியிலிருந்து புதிதாக வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு, பக்கத்தில் இருக்கும் ஓசோனைத் தின்றுவிடும். அதே காற்று பல மைல் நகர்ந்து கிராமத்துக்கும் மலைக்கும் போய்ச் சேரும்போது தின்பதற்கு ஆளில்லை, ஓசோன் நிலைத்து நிற்கும். நகரத்தில் போட்ட உலையில் கிராமம் வேகிறது. சென்னைக்கும் பெங்களூருக்கும் ஏறக்குறைய நடுவில், இரண்டிலிருந்தும் சுமார் 200 கிலோமீட்டரில் இருக்கிற திருவண்ணாமலைக்கு இது பொருட்படுத்த வேண்டிய செய்தி.

மலைக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சமவெளியில் பொழுது சாய்ந்ததும் ஓசோன் இறங்கிவிடும். தரையும் வண்டிப் புகையும் சேர்ந்து இரவோடு இரவாக அதைத் தீர்த்துவிடும். உயரமான சரிவுகள் அந்த இரவுக் காற்றடுக்குக்கு மேலே நிற்பதால் அங்கே அவ்வளவு இறங்குவதில்லை என்பது உலகின் பல மலை நிலையங்களில் அளந்து பார்த்த உண்மை. அடிவாரத்துக் கன்று விடியலில் வெறும் வயிற்றோடு தொடங்கும். மேல் சரிவுக் கன்றுக்கு நேற்றைய மிச்சமும் காத்திருக்கும்.

மாசியில் துளிர், சித்திரையில் புள்ளி

கார்த்திகை தீபத்தன்றுதான் ஊரில் உச்சக் கூட்டம், அன்றுதான் ஓசோனும் உச்சத்தில் இருக்கும் என்று தோன்றலாம். கிடையாது. கார்த்திகை மேகமும் மழையுமான மாதம். வெயில் இல்லாமல் ஓசோன் இல்லை. திருவண்ணாமலைக்கு வடக்கே நேர்கோட்டில் சுமார் 140 கிலோமீட்டரில், திருப்பதி அருகே உள்ள காதங்கி கிராமத்தில், அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் மனிஷ் நாஜாவும் ஷியாம் லாலும் 1990களில் தரை ஓசோனை அளந்து 2002ல் வெளியிட்டார்கள். அங்கே பருவமழையில் ஓசோன் இறங்குகிறது, கோடை பிறக்கும் மாதங்களில் ஏறுகிறது. தொழிற்சாலை இல்லாத நாட்டுப்புறத்தின் கணக்கு இது.

நம் மரங்களின் நாட்காட்டியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாசி, பங்குனியில் வேம்பு பழைய இலையைக் கொட்டிவிட்டுச் செந்துளிர் விடும். புங்கனும் அரசும் அப்படித்தான். சித்திரை முதல் நாள் பச்சடிக்கு வேப்பம்பூ பறிக்கும்போது அந்தத் துளிர் முற்றி, முழு வேகத்தில் வேலை செய்துகொண்டிருக்கும். ஓசோன் தாக்குவது பெரும்பாலும் முற்றிய இலையைத்தான், இளந்துளிர் ஓரளவு தப்பித்துவிடும். ஆக, மரம் புது இலையை முழுதாக விரித்து வைத்திருக்கும் காலமும் காற்றில் ஓசோன் ஏறும் காலமும் ஒன்றாக வந்து நிற்கின்றன. கோடை முழுக்க மொட்டையாக நிற்கும் இலையுதிர் மரங்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. சோம்பேறி என்று பேர் வாங்கினாலும் அவற்றுக்குத்தான் லாபம்.

இலைத்துளை வழியே உள்ளே போன ஓசோன், ஈரமான செல் சுவரைத் தொட்டதும் உடைந்து, எதையும் அரிக்கும் ஆக்சிஜன் துகள்களாக மாறுகிறது. செல்லின் சவ்வு கிழிகிறது. உணவு தயாரிக்கும் முக்கிய நொதியான ருபிஸ்கோவின் அளவு குறைகிறது. பழுது பார்க்கவே மரம் தன் சேமிப்பைச் செலவழிக்க நேரிடுகிறது. கடைசியில், மாதக்கணக்கில் உழைக்க வேண்டிய இலை முன்கூட்டியே பழுத்து உதிர்ந்துவிடும்.

பெட்டிச் செய்தி: இலையைத் திருப்பிப் பாருங்கள்

ஓசோன் புள்ளி இலையின் மேல்பக்கத்தில்தான் விழும். ஊசி முனை அளவில் பழுப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ இருக்கும். நரம்புகளை விட்டுவிட்டு இடைப்பட்ட பகுதியில் பரவும். கிளையின் நுனி இலையில் குறைவாகவும் உள்ளே இருக்கும் வயதான இலையில் அதிகமாகவும் இருக்கும். ஓர் இலை இன்னொன்றை மூடியிருந்தால் நிழல் விழுந்த இடம் பச்சையாகவே தப்பியிருக்கும். அடிப்பக்கத்தில் நூலாம்படை போலத் தெரிந்தால் அது செஞ்சிலந்தியின் வேலை. விரலால் துடைத்ததும் போய்விட்டால் வெறும் புழுதி. ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் போதும். ஆனால் புள்ளியே விழாமலும் வளர்ச்சி குறையும் என்பதால், புள்ளி இல்லை என்பதைச் சேதம் இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஊற்றிய தண்ணீருக்கு ஒரு விலை

814 மீட்டர் உயரமுள்ள அண்ணாமலை, விறகு வெட்டாலும் மேய்ச்சலாலும் கோடைத் தீயாலும் ஒரு காலத்தில் மொட்டைப் பாறையாகிப்போனது. 1988ல் அண்ணாமலை காடுவளர்ப்புச் சங்கம் தொடங்கப்பட்டது. அதற்குப் பிறகு ஃபாரஸ்ட் வே உள்ளிட்ட அமைப்புகளும் வனத்துறையும் தன்னார்வலர்களும் நாட்டு மரக் கன்றுகளை நட்டு, தீத்தடுப்புக் கோடு வெட்டி, தீப்பிடித்தால் பச்சைத் தழையோடு ஓடி அணைத்து, மலையில் பச்சையை மீட்டிருக்கிறார்கள். 20 வருடம் கழித்து ஊருக்கு வருகிறவர்கள் மலையைப் பார்த்து அசந்து போகிறார்கள். ஊரே பெருமைப்படலாம்.

மழையோடு நட்ட கன்றுக்கு முதல் கோடைதான் பெரிய கண்டம். சில மாத வேரை வைத்துக்கொண்டு மாசி முதல் வைகாசி வரை தள்ள வேண்டும். அதனால்தான் குடம் சுமந்து தண்ணீர் ஊற்றுகிறார்கள். இங்கேதான் ஓசோன் ஒரு வஞ்சகம் செய்கிறது. தண்ணீர் இல்லாத கன்று உச்சி வெயிலில் இலைத்துளையை இறுக மூடிக்கொள்ளும். ஓசோன் உள்ளே போக வழியில்லை. தண்ணீர் கிடைத்த கன்று திறந்தே வைத்திருக்கும், ஓசோனையும் சேர்த்துக் குடிக்கும். பராமரித்த பிள்ளைக்குத்தான் அதிக அடி.

அதற்காகத் தண்ணீரை நிறுத்தச் சொல்வது அபத்தம். தண்ணீர் இல்லாவிட்டால் கன்று சித்திரையைத் தாண்டாது, ஓசோனைப் பற்றிய கவலைக்கே இடமிருக்காது. சொல்ல வருவது இதுதான்: ஒரு குடம் தண்ணீரைச் சரிவில் சுமந்து ஏற்றிய உழைப்பின் பலனில் ஒரு பங்கை, கண்ணுக்குத் தெரியாத ஒன்று எடுத்துக்கொண்டு போகிறது. மளமளவென்று வளரும் வகைகளும் அகலமாகத் துளை திறக்கும் வகைகளும் பொதுவாக அதிகம் இழக்கின்றன. சீக்கிரம் பச்சை காட்ட வேண்டும் என்று நாம் தேடித் தேடி நடுவது அவற்றைத்தான்.

வேருக்கு வர வேண்டிய பங்கு

இலை தயாரிக்கும் சர்க்கரை குறைந்தால் மரம் யார் வயிற்றில் கை வைக்கும்? முதலில் வேரின் வயிற்றில். வருமானம் குறைந்த வீட்டில் வாசலுக்கு வெள்ளையடித்துவிட்டு அடுப்படிச் செலவைக் குறைப்பது போல, இலைகளைச் சரிக்கட்டுவதில் மும்முரமாக இருக்கும் மரம் வேருக்கு அனுப்பும் பங்கைச் சுருக்குகிறது. இலினாய் பல்கலைக்கழகத்தின் விக்டோரியா விட்டிக் குழுவினர், பெரும்பாலும் வடக்கு நாடுகளின் மரங்களில் அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2009ல் வெளியிட்ட கணக்குப்படி, சராசரியாக 40 பிபிபி என்ற இன்றைய ஓசோன் அளவே மரத்தின் மொத்த எடையை 7 சதவீதம் குறைத்துவிடுகிறது. ஓசோன் ஏற ஏற, தண்டோடு ஒப்பிடும்போது வேரின் பங்கும் குறைகிறது. பிபிபி என்பது நூறு கோடிக்கு ஒரு பங்கு. நூறு கோடிக்கு நாற்பது என்ற சிட்டிகைக்கு இவ்வளவு வேலை!

ஏழு சதவீதம் பெரிதா என்று கேட்கலாம். நிழலுக்கு வளர்க்கிற சாலையோர மரத்துக்குப் பெரிதில்லை. பாறை மேல் முழங்கால் ஆழ மண்ணில், அடுத்த கோடைக்குள் வேர் கீழே போய் ஈரத்தைப் பிடித்தாக வேண்டிய கன்றுக்குப் பெரிதுதான். வேர் ஒரு சாண் மேலேயே நின்றுபோனால் அடுத்த ஆண்டும் குடம் சுமக்க வேண்டியிருக்கும்.

மலைச்சரிவில் வேர் என்பது மரத்தின் சொந்த விவகாரம் மட்டும் இல்லை. 2024 டிசம்பர் 1ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கொட்டிய பெருமழையில் அண்ணாமலையின் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் வ.உ.சி. நகர் வீடுகளின் மேல் சரிந்து, 5 சிறார் உட்பட 7 பேர் உயிரிழந்தார்கள். அடுத்த பதினைந்து நாளுக்குள் வந்த தீபத் திருநாளில் மலையேற பக்தர்களுக்கு அனுமதி இல்லை. அந்தச் சரிவுக்கு ஓசோன் காரணம் என்று எழுதினால் அது கயிறு திரிப்பது. பெய்த மழை அப்படி. ஆனால் மேல்மண்ணைப் பிடித்துவைக்கும் வேலையை நாம் ஒப்படைத்திருப்பது இந்தக் கன்றுகளிடம். அவற்றின் வேர் எவ்வளவு ஆழம் போகிறது என்பது அடிவாரத்தில் குடியிருப்பவர்களின் கேள்வியும்கூட.

பெட்டிச் செய்தி: வெப்பமண்டலக் காடு இழப்பது

இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வு 2024 செப்டம்பரில் ‘நேச்சர் ஜியோசயின்ஸ்’ இதழில் வந்தது. தரை ஓசோனால் வெப்பமண்டலக் காடுகளின் ஆண்டு வளர்ச்சி சராசரியாக 5.1 சதவீதமும், ஆசியக் காடுகளில் 10.9 சதவீதமும் குறைவதாக அது கணக்கிட்டது. 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு ஆண்டுக்கு 29 கோடி டன் கரி இப்படி மரத்தில் சேராமல் காற்றிலேயே தங்கிவிடுகிறது. வயலும் தப்பவில்லை. புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த சச்சின் குடே குழுவினர் 2014ல் வெளியிட்ட கணக்கில், 2005ஆம் ஆண்டில் மட்டும் ஓசோனால் நாடு இழந்தது கோதுமையில் 35 லட்சம் டன், நெல்லில் 21 லட்சம் டன்.

சட்டத்துக்குள் 63 நாள்

இந்தியாவின் காற்றுத் தர வரம்பு 2009ல் திருத்தப்பட்டது. அதில் ஓசோனுக்கு 8 மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம், ஏறக்குறைய 50 பிபிபி. அந்த அட்டவணையில் தொழில், குடியிருப்புப் பகுதிகளுக்கு ஒரு பத்தியும் சூழல் உணர்திறன் மிக்க பகுதிகளுக்கு ஒரு பத்தியும் உண்டு. கந்தக டை ஆக்சைடுக்கு முதல் பத்தியில் ஆண்டுச் சராசரி 50, இரண்டாவதில் 20. நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு 40, 30. காட்டுக்குக் கறாரான வரம்பு வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். ஓசோன் வரிக்கு வந்தால் இரண்டு பத்தியிலும் 100தான். யோசனை அங்கே வந்து நின்றுவிட்டது.

ஐரோப்பாவில் மரத்துக்கென்று தனிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். பகல் நேரத்தில் ஓசோன் 40 பிபிபியைத் தாண்டும் ஒவ்வொரு மணிக்கும், தாண்டிய அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். வளரும் பருவமான 6 மாதத்தில் அந்தக் கூட்டுத்தொகை 5,000ஐத் தொட்டால் காட்டு மரங்களுக்கு ஆபத்து.

கூட்டிப் பார்க்கலாம். ஓரிடத்தில் தினமும் பகல் 8 மணி நேரம் ஓசோன் 50 பிபிபி இருக்கிறது என்று வையுங்கள். நம் சட்டப்படி குற்றமே இல்லை, வரம்புக்குள்தான். மரத்தின் கணக்கில் மணிக்கு 10 அதிகம், நாளைக்கு 80. அறுபத்து மூன்றாவது நாளில் 5,000 தாண்டிவிடும். மாசி பிறப்பில் தொடங்கினால் சித்திரை முதல் வாரத்தில் கோட்டா முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம்தான் அக்னி நட்சத்திரமே வருகிறது.

இந்த 5,000 ஐரோப்பிய மரங்களை வைத்துப் போட்ட எல்லை. புங்கனுக்கும் வெப்பாலைக்கும் உசிலைக்கும் அது கூடலாம், குறையலாம். காற்றில் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட இலைக்குள் எவ்வளவு போகிறது என்று கணக்கிடும் முறைக்கு ஆய்வாளர்கள் இப்போது நகர்ந்துவிட்டார்கள். எந்த முறையானாலும் கேள்வி ஒன்றுதான்: மனிதனுக்குப் போட்ட வரம்பை மரத்துக்கும் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமா?

மெக்சிகோவின் சாமி மரம்

மெக்சிகோ நகருக்குத் தென்மேற்கே ‘தெசியெர்த்தோ தெ லோஸ் லியோனெஸ்’ என்று ஒரு மலைக்காடு இருக்கிறது. 1917ல் அறிவிக்கப்பட்ட அந்நாட்டின் முதல் தேசியப் பூங்கா. அங்கே நிற்பது ஒயமெல் என்ற ஊசியிலை மரம். திருவிழாக்களில் தேவாலயத்தை அலங்கரிக்க அதன் கிளையைத்தான் வெட்டுவார்கள். தாவரவியல் பெயரிலேயே ‘சமயத்துக்குரிய’ என்று பொருள்படும் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் ஊரில் மகிழம் தலவிருட்சமாக நிற்பதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

நகரத்துக் காற்று மதியத்தில் அந்தப் பக்கமாகத்தான் மலையேறும். 1980களில் ஒயமெல் மரங்கள் மேல் கிளையிலிருந்து மெலிந்து, ஊசியிலை சிவந்து, கொத்துக் கொத்தாகப் பட்டுப்போயின. வண்டு, வறட்சி என்று பல காரணம் சொல்லப்பட்டது. எல்லாவற்றுக்கும் முன்னால் ஓசோன் மரத்தைத் தளர்த்தி வைத்திருந்தது. அமெரிக்காவின் சான் பெர்னார்டினோ மலைப் பைன்களிலும் இதே வரிசைதான். லாஸ் ஏஞ்சலஸின் ஓசோன் முதலில், பட்டை வண்டு பிறகு. செத்தது வண்டால் என்றுதான் எழுதுவார்கள்.

ஆறுதலுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் ரைன்லாண்டர் என்ற இடத்தில் 1998 முதல் 2009 வரை திறந்தவெளியில் வட்டம் வட்டமாகக் குழாய் நட்டு, இளம் ஆஸ்பென், பிர்ச், மேப்பிள் மரங்களுக்கு ஓசோனை ஊட்டிப் பார்த்தார்கள். முதல் ஆண்டுகளில் வளர்ச்சி அடிபட்டது. போகப்போக, தாங்காதவை பின்தங்க, தாங்குகிறவை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன, காடு ஓரளவு ஈடுகட்டியது. பல வகை கலந்து நட்ட காட்டில்தான் இது நடக்கும். அண்ணாமலையில் தைலமரத்தை மட்டும் வரிசையாக நடாமல் நாட்டு வகைகளைக் கலந்து நட்டவர்கள், தெரிந்தோ தெரியாமலோ நல்ல வேலை செய்திருக்கிறார்கள். தைலமரம் தானே கரிம ஆவியைக் கக்கி ஓசோனுக்குத் தீனி போடுகிற ஜாதி.

இரண்டு வரிசைக் கன்றுகள்

தமிழ்நாட்டில் இதற்குக் கருவியும் ஆளும் இல்லாமல் இல்லை. ஊட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தினர் ஓசோனை அளந்ததோடு, மேற்கூரை திறந்த கூண்டுகளில் நெல் ரகங்களை வைத்து எது தாங்குகிறது, எது துவள்கிறது என்றும் பார்த்திருக்கிறார்கள். காசியில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் மதூலிகா அகர்வால் குழுவினர் கோதுமையிலும் பயறிலும் பல ஆண்டுகளாக இதைச் செய்கிறார்கள். நெல்லுக்கு நடந்தது மலைக்கன்றுக்கும் நடக்க வேண்டும். அவ்வளவுதான்.

மின்சாரமே தேவையில்லாத வழி ஒன்றும் இருக்கிறது. எத்திலீன் டையூரியா, சுருக்கமாக ஈடியூ என்ற மருந்தைத் தெளித்த செடியை ஓசோன் அவ்வளவாகத் தாக்காது. விலை அதிகம் என்பதால் காட்டுக்குத் தெளிக்கும் மருந்து இல்லை இது, ஆய்வுக்கான கருவி. நாற்றங்காலில் ஒரே வயதுப் புங்கன் கன்றுகளை இரண்டு வரிசையாக வைத்து, ஒன்றுக்கு ஈடியூ, மற்றதுக்கு வெறும் தண்ணீர். மாசியில் தொடங்கி வைகாசியில் பிடுங்கி, வேரைக் கழுவிக் காயவைத்து எடை போட்டால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஓசோன் தின்றது. ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையால் முடியாத வேலை இல்லை.

2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் பசுமைப் பரப்பை 10 ஆண்டில் 33 சதவீதமாக்கக் குறி வைத்திருக்கிறது. இப்படிப்பட்ட திட்டங்களின் கணக்கு எப்போதும் எத்தனை நட்டோம், எத்தனை பிழைத்தன என்ற இரண்டு எண்ணில் முடியும். கிரிவலப் பாதையை அகலப்படுத்த மரங்களை வெட்டியபோது, 2016ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து அந்த விவகாரத்தைக் கையில் எடுத்தது. வெட்டிய மரம் கண்ணில் படுகிறது, எண்ணலாம், வழக்குப் போடலாம். ஓசோன் மரத்தை வெட்டுவதில்லை, பெரும்பாலும் கொல்வதும் இல்லை. பத்து இலை போட வேண்டிய கன்று எட்டு போடும், இரண்டு முழம் போக வேண்டிய வேர் ஒன்றரை முழத்தில் நிற்கும்.

மதியம் இரண்டு மணி. பாத்தியில் ஈரம் வற்றிவிட்டது. புங்கன் கன்றின் அடி இலை ஒன்று பழுத்து, காற்றில்லாமலே உதிர்கிறது. நாளை விடியற்காலையில் தண்ணீர் கொண்டுவருகிறவர்கள் மறுபடி குடத்தோடு ஏறுவார்கள். வைகாசி கடைசியில் சரிவைச் சுற்றிக் கணக்கெடுக்கும்போது இந்தக் கன்று ‘பிழைத்தவை’ என்ற பத்தியில் ஒரு கோடாக விழும்.